காஞ்சி வெயிலில் ஒரு ஹீட்டர்

கார் டாஷ்போர்டில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் திருகு ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுபவர்களில் பலர் அதைச் சிவப்புப் பக்கம் திருப்பியே இருக்க மாட்டார்கள். சித்திரை மாதத்தில் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, தரிசனம் முடித்து வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாத ஊர் இது. இங்கே சூடு வேண்டும் என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் அந்தத் திருகுக்குப் பின்னால், டாஷ்போர்டின் ஆழத்தில், ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஹீட்டர். அது காருக்குள் வந்து சேர்ந்த கதை ஒரு ரயில் விபத்தில் தொடங்குகிறது.

குதிரை வண்டிக் காலத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் சூடாக்கிய செங்கல்லையோ, தணல் போட்ட தகரப் பெட்டியையோ காலடியில் வைத்துக்கொண்டு பயணம் போனார்கள். ரயில் வந்ததும் பெட்டிக்குப் பெட்டி இரும்பு அடுப்பு வைத்தார்கள். 1887 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பாலத்திலிருந்து ரயில் பெட்டிகள் உறைந்த ஆற்றின் மேல் விழுந்தன. கவிழ்ந்த அடுப்புகளும் எண்ணெய் விளக்குகளும் மரப்பெட்டிகளைக் கொளுத்திவிட்டன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடும் வண்டிக்குள் அடுப்பு கூடாது என்ற குரல் வலுத்தது. எஞ்சினிலிருந்தே நீராவியைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முறை வேகமாகப் பரவியது. 1893-இல் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி ரயில் பெட்டிச் சூடேற்றி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின் எப்படியும் கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது, தனி நெருப்பு எதற்கு என்ற, நீராவிக் குழாய்க்குப் பின்னிருந்த யோசனைதான் பிறகு காருக்கும் வந்தது.

காரில் அது உடனே நடக்கவில்லை. எஞ்சினின் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் முதல் தலைவலி. 1900-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக், 8,070 சின்னஞ்சிறு குழாய்களை அடுக்கி, மெர்சிடிஸ் காருக்கு ஒரு தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தார். இன்றைய ஹீட்டர் அதன் பேரப்பிள்ளை. ஆனால் அன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூரையே கிடையாது. உள்ளே சூடேற்றி என்ன பயன்? 1920-களில் மூடிய கார்கள் பெருகிய பிறகுதான் ஹீட்டருக்குச் சந்தை பிறந்தது.

முதலில் வந்தவை ஆபத்தானவை. புகைபோக்கிக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, அதில் சூடாகும் காற்றை உள்ளே அனுப்பினார்கள். குழாய் புதிதாக இருக்கும்வரை குறையில்லை. துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வந்துவிடும். ஹீட்டரில் துரு என்றால் அந்தக் காலத்தில் உயிருக்கே உலை.

ஆனாலும் வியாபாரிகள் விடவில்லை. இண்டியானாபோலிஸில் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், ரிச்சர்ட் ஆர்வின் என்பவரின் யோசனையை எடுத்து ‘ஆர்வின்’ ஹீட்டர்களை விற்கத் தொடங்கியது. 1930 வாக்கில் எஞ்சினின் வெந்நீரையே ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, பின்னால் மின்விசிறி வைக்கும் முறை வந்தது. புகையோடு சம்பந்தமே இல்லாத சூடு! அடுத்த பெரிய அடியை வைத்தது யார் தெரியுமா? ஃப்ரிட்ஜ் கம்பெனி. 1937-இல் நாஷ் கார் நிறுவனமும், நம் வீடுகளுக்கும் பழக்கமான கெல்வினேட்டரும் ஒன்றாகச் சேர்ந்தன. மறு ஆண்டே வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி உள்ளே தள்ளும் அமைப்பு நாஷ் கார்களில் வந்துவிட்டது. குளிர்விக்கத் தெரிந்தவர்களுக்குச் சூடாக்கவும் தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டது கடிகாரம் செய்துவந்த ஸ்மித்ஸ் நிறுவனம். அங்கே 1960-களில்கூடப் பல கார்களில் ஹீட்டருக்குத் தனிக்காசு.

பிக்கப் வண்டிகளுக்கும் இந்தச் சுகம் வந்தது. 1947-இல் செவர்லே கொண்டுவந்த புது பிக்கப்பில், வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கும் ஹீட்டரைக் கூடுதல் விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பழைய வண்டிப் பிரியர்களின் இன்றைய தொல்லைக்கும் அதுதான் ஊற்று. காற்று நுழையும் வழியில் மழைத் தண்ணீரும் இலைதழையும் நுழையும். இலை மக்கி வடிகால் துளையை அடைக்கும். ஈரம் தேங்கும். ஹீட்டரின் தகரப் பெட்டி அடியிலிருந்து அரிக்கத் தொடங்கும்.

நம்மூரில் நடப்பது வேறு. தண்ணீர் ஒழுகினால் மெக்கானிக் முதலில் செய்வது, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்துவிடுவது. ‘பைபாஸ் பண்ணிட்டேன் சார், நம்ம ஊருக்கு இது எதுக்கு?’ கூடவே எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போடுவார். வண்டி ஓடும், ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வர நேரம் எடுத்து, சீக்கிரம் தேயும். கைவிடப்பட்ட ஹீட்டருக்குள் மிச்சத் தண்ணீர் கிடந்து உப்பாகப் படியும்.

உண்மையான குற்றவாளி அந்தத் தண்ணீர்தான். 1927-இல் அமெரிக்காவில் ‘ப்ரெஸ்டோன்’ என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. தண்ணீர் உறையாமல் காக்கும் சரக்கு அது. பனி இல்லாத நமக்கு எதற்கு என்று நாம் அதை ஒதுக்கினோம். எஞ்சின் தண்ணீரில் கலக்கும் இன்றைய கூலண்டில் உறைவைத் தடுப்பதோடு துருவைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். அதை விட்டுவிட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றினோம். கடினநீரின் குணம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பட்டு நூலின் பசையைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து நீக்குபவர்களுக்கு, உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து அழுக்காகப் படிவது தெரியும். அதே சுண்ணாம்புதான் ஹீட்டர் குழாயையும் அடைக்கிறது.

பழுதான ஹீட்டரைச் சரிசெய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஓர் அனுபவம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹோஸைக் கழற்றி, பெட்டியை இறக்கிக் கவிழ்த்தால் மக்கிய இலையும், எலி சேர்த்த பஞ்சும், செதில் செதிலாகத் துருவும் கொட்டும். உள்ளே பித்தளையும் செம்புமான கோர், அதாவது அந்தக் குட்டி ரேடியேட்டர். அதன் ஒரு வாயை ரப்பர் கட்டையால் அடைத்து, மறுவாயில் மெதுவாகக் காற்று விட்டு, தொட்டித் தண்ணீரில் முக்குவார்கள். குமிழி எழும் இடம் ஓட்டை. அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆசிட் தடவி, பர்னரைக் காட்டி ஈயத்தை ஓடவிடுவார்கள். நெருப்பு ஒரு கணம் கூடுதலாக நின்றாலும் பக்கத்து ஒட்டு விட்டுப்போகும். எப்போது நெருப்பை விலக்க வேண்டும் என்பதில்தான் கைத்திறன். உள்குழாய் செத்திருந்தால் அதை மட்டும் இருபுறமும் அடைத்துவிட்டு மற்றவற்றைப் பிழைக்கவைப்பார்கள். கோரே போய்விட்டால் அளவெடுத்துப் புதிதாகச் செய்வதும் உண்டு. இப்போதைய அலுமினிய, பிளாஸ்டிக் கோரில் இந்த வித்தை செல்லாது, மாற்றத்தான் வேண்டும். தகரப் பெட்டிக்கு, இற்ற பாகத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருவின் மேல் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை.

இவ்வளவு அலட்சியம் காட்டும் நம் வட்டாரம்தான் உலகத்துக்கு ஹீட்டர் வைத்த கார்களை அனுப்புகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. காஞ்சிபுரத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அங்கே தயாரான ஐ10, ஐ20 கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து மைக்ரா போனது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு தன் ஈகோஸ்போர்ட்டை அமெரிக்காவுக்கே அனுப்பியது. முன்கண்ணாடியின் பனியை நீக்கும் வசதி கார்களில் இருந்தே ஆக வேண்டும் என்பது 1968 முதல் அந்நாட்டுச் சட்டம். வெர்மான்ட்டில் விழுந்த பனியை விலக்கிய ஹீட்டர், நம் பக்கத்தில் பூட்டப்பட்டதாகவும் இருக்கலாம்.

எலெக்ட்ரிக் கார் வந்தபின் இந்தக் கதை திரும்புகிறது. அதில் வீணாகும் எஞ்சின் சூடு கிடையாது. பேட்டரியிலிருந்தே சூட்டை உண்டாக்க வேண்டும், அதனால் ஓடும் தூரம் குறையும். நூறாண்டாக இலவசமாகக் கிடைத்தது இனி கணக்கில் வரும்.

பழைய ஜீப்போ, அம்பாசடரோ, பிக்கப்போ வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹீட்டரை வெட்டிப் போடச் சொல்லாதீர்கள். ஐப்பசி மழையில் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் தெளியவைப்பது அதுதான். ஏற்காடு, ஊட்டி ஏற்றத்தில் எஞ்சின் சூடு எகிறினால், ஹீட்டரை முழுதாகத் திறந்து ஜன்னலை இறக்கிவிட்டு, பத்திரமான ஓரம் வரை வண்டியைக் கொண்டுபோய்விடலாம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். கூலண்டைச் சுத்திகரித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். மாதம் ஒருமுறையாவது அந்தத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பி, வெந்நீர் ஓடவிடுங்கள்.