ஹந்தானைச் சாரலும் சத்திச்சொட்டுக் கணிப்பும்

கண்டி மாநகரின் தெற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலை தேயிலைக்குப் பெயர்பெற்றது. பௌதிகவியல் வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டென்பதைப் பலர் அறியார். 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்ட அடிப்படை ஆராய்ச்சி நிறுவகம் இம்மலைச் சாரலிலேயே அமைந்துள்ளது. அங்கிருந்து 2002 இல் அசிறி நாணாயக்கார என்னும் அறிஞர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அணுவுலகின் சத்திப் பெறுமானங்கள் மெய்யெண்களாதல் வேண்டும். அதற்கு ஹேர்மீற்றுப் பண்பு என்னும் கணிதச் சமச்சீர் இன்றியமையாதது என நெடுங்காலம் கருதப்பட்டது. பெண்டர், பொட்சர் என்போர் 1998 இல் அக்கருத்தை அசைத்தனர். ஒரு பரிமாணத்தில் அவர்கள் கண்டது பல பரிமாணங்களிலும் செல்லுமோ என ஆராய்ந்ததே ஹந்தானை ஆய்வுரை.

இத்துறையில் விதிகளை அறிதல் அரிதன்று. அவ்விதிகளைக்கொண்டு விடை காண்டலே அரிது. டிராக் என்னும் ஆங்கில மேதை 1929 இலேயே இதனை எடுத்துரைத்தார். கார்த்திகைத் திருநாளில் வரிசையாய் வைத்த விளக்குகளை எண்ணிப் பார்க்க. ஒவ்வொன்றும் எரியலாம், அன்றேல் அணைந்திருக்கலாம். விளக்குகள் 10 ஆயின் இயலக்கூடிய நிலைகள் 1,024. 50 ஆயின் 11 கோடி கோடிக்கும் மேல். விளக்கு வரிசை ஒருவேளையில் ஒரு நிலையிலேதான் இருக்கும். சத்திச்சொட்டுலகிலோ எல்லா நிலைகளுக்கும் தனித்தனி ஓரெண் கூறல் வேண்டும். அவ்வெண்களின் தொகுதியே அலைச் சார்பு. 300 துணிக்கைகளாயின் காணும் அண்டத்திலுள்ள அணுக்களின் தொகையும் அதற்கு ஈடாகாது.

கணினி வருமுன் இவ்வரிய துறையில் எழுதுகோல் ஒன்றையே துணைக்கொண்டு உழைத்தோருள் தமிழர் ஒருவரும் உளர். 1918 இல் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்சில் டிராக்கின் மாணவராய் விளங்கியவர் கி. ஜெ. எலியேசர். கருவைச் சுற்றும் இலத்திரன் ஒளிவீசிச் சத்தியிழந்து கருவினுள் வீழும் என்பதே பழைய பௌதிகவியலின் எதிர்பார்ப்பு. டிராக் 1938 இல் வகுத்த சமன்பாட்டைக் கருவை நோக்கிய நேர்கோட்டியக்கத்துக்குப் பிரயோகித்த எலியேசர், இலத்திரன் கருவை அடையவே மாட்டாது, திரும்பி விரைந்தோடும் என 1943 இல் நிறுவினார். விந்தையான விடை! ஆயினும் ஆசிரியரின் சமன்பாட்டில் நோய் எங்குள்ளதென்பதை மாணவரின் அவ்விடையே காட்டிற்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது அதன் கணிதப் பேராசிரியர் இவரே. எனினும் கணிதத்துறை கொழும்பிலேயே நின்றது. பேராதனையில் விஞ்ஞான பீடம் 1961 இல் எழுமுன் அவர் மலாயா சென்றுவிட்டார். கண்டிச் சூழலுக்கு அஃதோர் இழப்பே.

எழுதுகோல் எட்டாத இடத்தில் இன்று பொறிக் கற்றல் புகுந்துள்ளது. பொறிக்கு விதிகளை ஒவ்வொன்றாய் உரையாது, பெருந்தொகையான எடுத்துக்காட்டுகளிலிருந்து அதுவே தன் அளவைகளைத் திருத்திக்கொள்ளச் செய்வதே இம்முறை. 2017 இல் கார்லேயோ, ட்ரோயர் என்னும் இருவர் அலைச் சார்பையே ஒரு நரம்பணு வலையாக எழுதினர். கோடி கோடி எண்களைச் சேமிப்பதற்கு மாறாக, வலையின் சிலவாகிய அளவைகளை மாற்றி மாற்றிச் சத்தி குறைகின்றதா என நோக்கினர். இதன் நயம் யாதெனின், இங்குப் பொறிக்கு விடைத்தாள் எதுவும் கொடுக்கப்படவில்லை. எந்த ஊக அலைச் சார்பும் உண்மையான மிகத் தாழ்ந்த சத்திக்குக் கீழான சத்தியைத் தரமாட்டாது என்பது பழைய தேற்றம். ஆதலின் சத்தி குறையுந்தோறும் விடை மெய்யை அணுகுகின்றது. சமன்பாடே பரீட்சகர், மனப்பாடம் பண்ணி அவரை ஏமாற்ற இயலாது. நம் வகுப்பறைகளிலும் இத்தகைய பரீட்சகர் இருப்பின் நன்று.

சத்திச்சொட்டுக் கணினியின் கதை வேறு. அதன் நுண்ணிய உறுப்புகள் சூழலின் சிறு தீண்டலாலும் பிழைபடும். எங்கே பிழை நேர்ந்ததென்பதை நேரே நோக்கின் நிலையே கலைந்துவிடுமாதலின், குறிப்புகளைக்கொண்டு ஊகித்தல் வேண்டும். 2024 இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட அல்பாகியூபிற்று என்னும் கற்கும் பொறி இவ்வூகத்தில் முந்தைய முறைகளை விஞ்சிற்று. ஆயினும் ஓடுகின்ற கணினியுடன் உடனுக்குடன் ஈடுகொடுக்கும் வேகம் அதற்கு அப்போது வாய்க்கவில்லை. இங்குச் சமன்பாடு பரீட்சகரன்று. போலியாய் ஆக்கிய பிழைகளையும் உண்மையான அளவீடுகளையும் கற்றே பொறி தேர்ந்தது. கற்பித்தது எதுவோ, அதன் அளவே அதன் அறிவு. எலியேசர் கண்டதுபோல் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறான விடையை இத்தகைய பொறி கூறின், அதனைப் பிழையெனத் தள்ளுவதா, நோயின் அறிகுறியெனக் கொள்வதா என்பதை நிறுவலறிந்த ஒருவரே தீர்மானித்தல் கூடும். இயற்றமிழும் கணிதமும் ஒருங்கே கற்பிக்கும் கல்லூரிகள் கணித நிறுவல்களைப் பாடத்திட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளுமாயின், அத்தீர்மானம் பிறர் கையதாகிவிடும்.

நரம்பணு வலையும் முன்னோர் கணிதத்தை விட்டு நெடுந்தூரம் சென்றுவிடவில்லை. இரண்டு இலத்திரன்கள் தம்மிடம் மாற்றின் அலைச் சார்பின் குறி மாறல் வேண்டும். 2020 இல் மூலக்கூறுகளுக்கென வலைகளை அமைத்தோர் இப்பண்பைப் பொறி தானே கற்கும் என விட்டுவிடாது, துணிகோவையை வலையினுள்ளேயே பதித்தனர். இரண்டு நிரைகளை இடமாற்றின் துணிகோவையின் குறி மாறும் என்பதை உயர்தரக் கணிதம் கற்ற மாணவர் அறிவர். அதனை இலத்திரன்களுக்கு 1926 இல் பொருத்திக் காட்டியவருள் ஒருவர் எலியேசரின் ஆசிரியராகிய அதே டிராக்.