மலைக்காட்டுப் பாட்டும் தோட்டத்து உடுக்கையும்

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1883-இல் தைப்பிங்கில் தொடங்கிய அருங்காட்சியகம்தான் மலேசியாவிலேயே மூத்தது. நம் ஊரான பத்து காவானிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால் எட்டிவிடும் தூரம். பாடம்செய்த விலங்குகள், கிரிஸ் கத்திகள், பூர்வகுடி மக்களின் சும்பிட் எனும் ஊதுகுழல்கள் எனக் கண்ணால் பார்க்கும் பொருள்களே அங்கு முதலில் சேர்ந்தன. காதால் கேட்க வேண்டியதன் பக்கம் அந்த நிறுவனம் திரும்பியது ஓர் இளைஞரால்.

கேம்பிரிட்ஜில் படித்த பாட் நூன் 1931-இல் அங்கே இனவரைவியலாளராகச் சேர்ந்தார். பேராக்–கிளந்தான் எல்லை மலைகளில் வாழும் தெமியார் மக்களைத் தேடிப் போனவர், அவர்களோடு தங்கி, அவர்கள் மொழியைப் பேசி, அவர்களுள் ஒரு பெண்ணையே மணந்தார். 1936-இல் அவர் எழுதிய அறிக்கை இன்றும் தெமியார் ஆய்வுக்கு அடிப்படை நூல். ஜப்பானியர் காலத்தில் காட்டுக்குள் மறைந்து வாழ்ந்தவர் அங்கேயே உயிரிழந்தார். அவர் ஆய்வு செய்த அதே தெமியார் மக்களிடம் வானொலிக் குழுவினர் பதிவு செய்த கனவுப் பாடல்கள் 1955-இல் நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியாக இசைத்தட்டாக வெளிவந்தன.

அப்பாடல்கள் பிறக்கும் விதம் நம்மவர்களைச் சிலிர்க்க வைக்கும். தெமியார் மருத்துவர் பாட்டை இயற்றுவதில்லை. மலையின் ஆவியோ பழமரத்தின் ஆவியோ அவர் கனவில் வந்து பாடிக் கொடுக்கிறது. நோய் தீர்க்கும் இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, அந்தப் பாட்டை அவர் ஓரடி ஓரடியாகப் பாட, பெண்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். நீளம் வேறுபட்ட இரண்டிரண்டு மூங்கில் குழாய்களைக் கட்டையில் இடித்துத் தாளம் போடுகிறார்கள். பாட்டு ஒரு வழி. அதன் வழியே ஆவி வருகிறது, வழிதவறிப்போன நோயாளியின் உயிரும் திரும்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1980களில் கிளந்தான் காட்டில் அவர்களோடு வாழ்ந்த அமெரிக்க ஆய்வாளர் மரீனா ரோஸ்மன் இதை 1991-இல் நூலாக்கினார். எந்த ஆவி, யாருக்கு, எந்தப் பாட்டைக் கொடுத்தது என்பதையும் அவர் கவனமாகப் பதிந்தார். அந்த ஆய்வில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான். பாடியவரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்து வருவது பாதி வேலை கூட ஆகாது.

தமிழ்ப் பாட்டுக்கும் இது பொருந்தும். தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை போன்ற கதைப்பாடல்களை அச்சேற்றினார். அவர் செய்த பணி மகத்தானது. ஆனால் அச்சில் சொல்தான் வரும், தாளம் வராது. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டை நேரில் இருந்து கேட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தன் 1988-ஆம் ஆண்டு நூலில் அந்த இடைவெளியை நிரப்பினார். நாயகன் உயிர்விடும் கட்டத்தில் பாட்டின் வேகம் மாறுகிறது, சாமியாடிகள் மேல் அருள் இறங்குகிறது. கோயில் கொடைவிழாவின் உச்சமே அந்தக் கட்டம்தான் என்று அவர் காட்டினார்.

இனி நம் ஊருக்கு வருவோம். பத்து காவான் கரும்புத் தோட்டங்களாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் செபராங் பிறைக்கு வந்துவிட்டனர். பிறகு ரப்பர், பிறகு செம்பனை. லயத்துக்கு லயம் ஒரு மாரியம்மன், எல்லையில் ஒரு முனீஸ்வரர் அல்லது மதுரை வீரன். பூசாரியின் உடுக்கையும் உறுமியும் அம்மன் தாலாட்டும் வர்ணிப்பும் இல்லாமல் தோட்டத்தில் ஒரு திருவிழாவும் நடந்ததில்லை. பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் திட்டத்தில் செம்பனை போய்த் தொழிற்பேட்டை வந்தது. 2014-இல் இரண்டாம் பாலமும் வந்தது. மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேப்பிலை கட்டிய கரகத்துக்கு முன்னால் நின்று இரவெல்லாம் பாடிய அந்தக் குரல்கள் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். தன் குடும்பத்துப் பெண்களின் வாய்மொழியிலிருந்தே முத்தம்மாள் பழனிசாமி பாடல்களை மீட்டெடுத்தார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கிடைத்த கவனம் சாமி அழைக்கும் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு வாங்குவது கடினம் என்பதும் உண்மை. வேளையும் விரதமும் இல்லாமல் பாடினால் சாமி வந்துவிடும் என்று மறுக்கும் பெரியவர்கள் உண்டு. அந்த மறுப்பை மதிக்க வேண்டும். திருவிழா நாளில், பாடுபவரின் அனுமதியோடு, ஓர் ஓரத்தில் அமர்ந்து பதிவு செய்யலாம். வெளியில் போகக்கூடாது என்று அவர் சொல்லும் பகுதியை வெளியே விடாமல் வைக்கலாம்.

இந்த ஆலய மலரை வெளியிடும் குழுவினரிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த திருவிழாவுக்கு முன்பே மூத்த பூசாரிகளையும் உறுமிக்காரர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எந்தச் சாமிக்கு, எந்த நேரத்தில் பாடுவார் என்ற விவரங்கள் ஒவ்வொரு பதிவோடும் சேர வேண்டும். ஒரு படி ஆலய அலுவலகத்திலும், ஒரு படி பாடியவரின் வீட்டிலும் இருக்கட்டும். 1969 முதல் பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வாளர்கள் உண்டு. மூன்றாவது படியோடு அவர்களை அணுகலாம்.