கோதை: ஒரு கையெழுத்து

எடமலைப்பட்டி புதூரில் வங்கிக் குமாஸ்தா நான். கையெழுத்துச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. சென்ற மாதம் ஒரு வயதான அம்மாள் பணம் எடுக்க வந்தார். கணக்கில் பெயர் ஆண்டாள். சீட்டில் போட்டிருந்ததோ கோதை. வீட்டில் கூப்பிடும் பெயராம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோதை என்றால் மாலை. கூந்தலுக்கும் பெண்ணுக்கும் ஆகிவந்த சொல். ஆனால் முன்பு அது அரசர் பெயர். சேரரில் மாக்கோதை உண்டு, கோக்கோதை மார்பன் உண்டு. பக்கத்துக் கரூரில், அமராவதி மணலில் கிடைத்த வெள்ளிக்காசில் ஓர் ஆண் தலை. மேலே தமிழ் பிராமியில் மாக்கோதை.

பின்னால் அந்தப் பெயர் வில்லிபுத்தூர்ப் பெண்ணுக்கு வருகிறது. மரபு அவளை ஸ்ரீரங்கத்தில் அரங்கனிடம் சேர்த்து, ஆண்டாள் என்றது. வேதாந்த தேசிகரின் வடமொழித் துதியில் அவள் கோதா. ஒலி மிஞ்சியது; மாலை போய்விட்டது. கோதையும் தகப்பன் இட்ட பெயர்தான். ஆனால் நாச்சியார் திருமொழியில் பதிகம் முடிகிற இடங்களில் அவள் தன்னைச் சொல்லிக்கொள்வது கோதை என்றே, ஆண்டாள் என்றல்ல. நாம் படிப்பது ஆண்டாளை; எழுதியவள் கோதை. இந்த வித்தியாசத்தை நம் விமர்சனம் பொருட்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. நானும் கவுண்டரில் பொருட்படுத்தவில்லை.

அந்த அம்மாள் மறுநாள் வந்து, ஆண்டாள் என்று எழுதிப் பணம் வாங்கிப் போனார்.