இருதய வால்வும் இல்லாளின் உழைப்பும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் தாண்டிச் சென்றால் வருவது திரியாய். அங்கே குன்றின்மேல், வட்டமாக நிற்கும் கற்றூண்களின் நடுவே, பழைய பௌத்த தூபி ஒன்று உண்டு. பாறையிலே பல்லவக் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. கடலோடி வணிகரின் புகழை அது கூறுகிறது. கல் சுமந்தவனைப் பற்றியோ, அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளைப் பற்றியோ அது பேசவில்லை. மருத்துவ வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.

இருதய வால்வு நோயின் கதையைப் பார்ப்போம். குருதியை ஒரே திசையில் செல்லவிடும் கதவுகளே வால்வுகள். அவை சுருங்கினாலும் ஒழுகினாலும் இருதயம் அளவுமீறி உழைத்துக் களைத்துப்போகிறது. முதுமையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வால்வு இறுகுவது ஒரு வழி. மற்றொரு வழி வறுமையின் வழி. நெருக்கடியான குடிசைகளில் வாழும் சிறுவர்க்குத் தொண்டை அழற்சி வருகிறது. அதிலிருந்து வாதக் காய்ச்சல் பிறக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வால்வு பழுதாகிறது. மலிவான பெனிசிலின் தடுக்கக்கூடிய நோய் இது. செல்வ நாடுகளில் அருகிவிட்ட இந்நோய், ஏழை நாடுகளை இன்னும் விட்டபாடில்லை.

1925இல் இலண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணின் இருதயத்தினுள் விரலை நுழைத்து, சுருங்கிய வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள். ஆயினும் பிற வைத்தியர்கள் அவரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாக அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. 1953இல் சுவீடனில் எட்லர் என்ற வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் ஒலியலைகளால் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் பழுதைக் கண்டறிய உதவிய கருவியே அதற்கு வழிகாட்டியது என்பது துறைமுக மாவட்டத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1960இல் அமெரிக்காவில் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் செயற்கை வால்வைப் பொருத்தி வெற்றி கண்டனர்.

ஆனால் இறக்குமதி வால்வின் விலை ஏழைக்கு எட்டவில்லை. இதை மாற்றத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் குழுவினர் பல்லாண்டு பாடுபட்டனர். மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு மனித இருதயத்தில் பொருத்தப்பட்டது. இன்று அது பொருத்தப்பட்டோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டது. விஞ்ஞானம் மக்களை நோக்கித் திரும்பினால் என்ன நிகழும் என்பதற்கு இது சான்று.

கதை இங்கே முடிந்துவிடுகிறதா? இல்லை. திரியாயில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். 1985இல் வன்முறைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடி, பல்லாண்டு கழித்துத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த முதியவர். "வயது போனால் இளைப்பு வரத்தானே செய்யும்" என்று அவர் நோயை மறைக்கிறார். வயலிலிருந்து வரும் வழியில் இருமுறை நின்று மூச்சு வாங்குவதையும், இரவில் தலையணையை உயர்த்திக்கொள்வதையும் முதலில் காண்பவள் மனைவிதான். நோயை முதலில் கண்டுபிடித்தவள் அவளே அன்றோ! திருகோணமலை வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அவருடன் அலைபவளும் அவளே.

உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் குளிசை விழுங்கவேண்டும். 1948இல் எலி நஞ்சாக வந்து, 1954இல் மருந்தாக ஏற்கப்பட்ட பொருள் அது. அளவு கூடினால் குருதி கசியும். குறைந்தால் வால்வில் கட்டிபடும். ஆகவே குளிசையை எண்ணுவதும், குருதிப் பரிசோதனைத் தவணையை நினைவில் வைப்பதும் உயிர் காக்கும் வேலைகள். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறாதிருந்தால் போதும். இக்கணக்கையெல்லாம் வைத்திருப்பது அடுப்படியில் நிற்கும் அவள்தான்.

இந்த உழைப்புக்குக் கூலியில்லை; ஓய்வுமில்லை. அவள் சோர்ந்து விழுந்தால் அவரைப் பார்ப்பவர் யார்? குருதிப் பரிசோதனை கிராமத்துக்கு அண்மையில் கிடைக்கவேண்டும். நோயாளியுடன் தொலைவூர் செல்பவருக்குத் தங்க இடம் வேண்டும். பாடசாலைப் பிள்ளையின் தொண்டை நோவை அற்பமென்று தள்ளாத கண் வேண்டும். இவற்றைக் கேட்பது இரக்கத்தை வேண்டுவதன்று; உரிமையைக் கோருவதாகும். சாசனம் எழுதியவர்கள் மறந்த அவளை, வரலாறு கற்பிக்கும் நாமேனும் மறவாதிருப்போம்.