ஒட்டகங்கள் தங்கிய கேம்ப் வெர்டே: ராணுவ முகாமிலிருந்து உருவான ஒரு சிற்றூர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் கேம்ப் வெர்டே என்ற சிற்றூர் வரும். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே ஓர் ஓடை, பழைய கல் கட்டடம் ஒன்றில் இயங்கும் கடை, சுற்றிலும் பண்ணைகள். ஊர் என்று பார்த்தால் இவ்வளவுதான். நிலையாக வசிப்பவர்களின் எண்ணிக்கை நூறைக்கூட எட்டாது. ஆனால் இந்தச் சிற்றூரின் கதையில் இஸ்மிர், இஸ்கந்தரிய்யா, துனிஸ் என நமக்குப் பழக்கமான பெயர்கள் வருகின்றன. ஹஜ் செய்து திரும்பிய ஒருவரின் பெயரும் வருகிறது. நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்க வாய்ப்பில்லாத இந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம்.

முகாம் ஏன் அமைந்தது?

டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அதன் பிறகு குடியேறிகள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த நிலம் ஆளில்லாத வெறும் நிலமல்ல. கமான்சே, அப்பாச்சி, கியோவா ஆகிய பூர்வகுடி மக்கள் வேட்டையாடியும் பயணம் செய்தும் வாழ்ந்த பூமி அது. குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் மோதல் வெடித்தபோது, அமெரிக்க ராணுவம் எல்லை நெடுகிலும் வரிசையாக முகாம்களை அமைத்தது. "எல்லைக் கோட்டை" என்று வரலாற்று நூல்கள் சொல்வது இவற்றைத்தான். யாருடைய பார்வையில் அது எல்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். குடியேறிக்கு எல்லையாகத் தெரிந்த இடம், கமான்சேக்குத் தாய் மண்ணாக இருந்தது.

அப்படி 1855 ஜூலை மாதம் அமைந்ததுதான் கேம்ப் வெர்டே. வெர்டே ஓடையின் வடகரையில், பண்டேரா கணவாய்க்குச் சில மைல் வடக்கே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கமான்சேக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய வழி அந்தக் கணவாய். வழியைக் கண்காணிக்க வேண்டும், குதிரைகளுக்குத் தண்ணீரும் புல்லும் வேண்டும். இரண்டும் அங்கே கிடைத்தன. "வெர்டே" என்றால் ஸ்பானிய மொழியில் பச்சை.

ஒட்டகங்கள் வந்த கதை

அந்தக் காலத்தில் மேற்குப் பகுதி முகாம்களுக்குத் தானியமும் தளவாடமும் கொண்டுபோவது ராணுவத்துக்குப் பெரிய தலைவலி. ரயில் பாதை கிடையாது. கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டிகள்தாம் ஒரே வழி. வறண்ட நிலத்தில் கழுதைக்கு வேண்டிய தண்ணீரையும் தீவனத்தையும் கழுதையே இழுத்துச் செல்ல வேண்டிய நிலை. ஒட்டகத்தைப் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனை அதிகாரிகள் சிலருக்கு வந்தது. அப்போது போர்த்துறைச் செயலாளராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் அதை ஆதரித்தார். 1855 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக 30,000 டாலர் ஒதுக்கியது.

மேஜர் ஹென்றி வெய்ன் என்ற ராணுவ அதிகாரியும், டேவிட் டிக்சன் போர்ட்டர் என்ற கடற்படை அதிகாரியும் "சப்ளை" என்ற கப்பலில் மத்தியதரைக் கடல் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். துனிஸ், இஸ்தான்புல், இஸ்கந்தரிய்யா என்று துறைமுகம் துறைமுகமாகச் சென்று ஒட்டகங்களை விசாரித்து வாங்கினார்கள். கடைசியில் இஸ்மிரிலிருந்து 1856 பிப்ரவரியில் புறப்பட்ட கப்பல், மே மாதம் டெக்சாஸ் கரையிலுள்ள இண்டியனோலா துறைமுகத்தை அடைந்தது. வழியில் சில இறந்தன, சில குட்டிகள் பிறந்தன. கரையிறங்கியவை 34 ஒட்டகங்கள். இரண்டாவது பயணத்தில் மேலும் 41 ஒட்டகங்கள் 1857 தொடக்கத்தில் வந்து சேர்ந்தன.

ஒட்டகத்தைப் பார்த்தே இராத இண்டியனோலா மக்கள் கேலி பேசினார்கள். வெய்ன் ஓர் ஒட்டகத்தைக் கூட்டத்தின் நடுவே மண்டியிடச் செய்து, அதன் முதுகில் இரண்டு வைக்கோல் பொதிகளை ஏற்றினார். பிறகு மேலும் இரண்டு. மொத்தம் 1,256 பவுண்டு, அதாவது சுமார் 570 கிலோ. எழவே எழாது என்று கூட்டம் நினைத்துக்கொண்டிருக்க, ஒட்டகம் எழுந்து நிதானமாக நடந்துபோனது. கேலி அத்துடன் நின்றது. வழியில் விக்டோரியா என்ற ஊரில் ஒரு பெண்மணி ஒட்டக முடியில் நூல் நூற்று, அப்போதைய அதிபர் பிராங்க்ளின் பியர்சுக்கு ஒரு ஜோடி காலுறை பின்னிக் கொடுத்தார் என்பதும் பதிவாகியுள்ளது.

1856 ஆகஸ்ட் இறுதியில் ஒட்டகங்கள் கேம்ப் வெர்டேயை அடைந்தன. அங்கே அவற்றுக்காக, துருக்கியப் பகுதியில் வணிகக் கூட்டங்கள் தங்கும் "கான்" எனப்படும் சத்திரத்தின் மாதிரியிலேயே ஒரு கொட்டில் கட்டினார் வெய்ன். டெக்சாஸ் குன்றுகளுக்கு நடுவே அனத்தோலியச் சத்திரம் ஒன்று எழுந்தது.

சோதனையில் தேறியதா?

ஒட்டகம் சோதனையில் தோற்றது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. சான் அன்டோனியோவிலிருந்து ஓட்ஸ் தானியம் ஏற்றிவர ஆறு ஒட்டகங்களையும் கழுதை வண்டிகளையும் ஒருசேர அனுப்பிப் பார்த்தார்கள். ஒட்டகங்கள் இரண்டு நாளில் திரும்பின. வண்டிகளுக்கு ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆயின.

1857இல் எட்வர்ட் பீல் என்பவர் 25 ஒட்டகங்களுடன் கலிபோர்னியா நோக்கி ஒரு சாலைத் தடத்தை அளக்கப் புறப்பட்டார். ஒட்டகங்கள் முட்புதர்களைத் தின்றன, சுமையைத் தாங்கின, கொலராடோ ஆற்றை நீந்தியே கடந்தன. பீல் அளந்த தடத்தை ஒட்டித்தான் பிற்காலத்தில் ரயில் பாதையும், புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அமைந்தன. 1860இல் டெக்சாஸின் மேற்குப் பாலை நிலத்தை ஆராயச் சென்ற குழு தண்ணீரின்றித் தவித்தபோதும் ஒட்டகங்களே தாக்குப்பிடித்தன. 1858இல் புதிய போர்த்துறைச் செயலாளர் ஜான் பிளாய்ட் இன்னும் 1,000 ஒட்டகங்கள் வாங்கப் பரிந்துரைத்தார். நாடாளுமன்றம் செவிசாய்க்கவில்லை.

உடன் வந்த மனிதர்கள்

ஒட்டகம் மட்டும் வந்தால் போதுமா? அதை நடத்தத் தெரிந்த கைகள் வேண்டுமே. உதுமானியப் பேரரசின் பகுதிகளிலிருந்து அரபியர், துருக்கியர், கிரேக்கர் எனச் சிலர் கூலிக்கு அமர்த்தப்பட்டு உடன் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஒட்டகத்தை எப்படி மண்டியிட வைப்பது, சேணத்தை எப்படிக் கட்டுவது, சொறி நோய்க்கு என்ன செய்வது என்று அமெரிக்க வீரர்களுக்குக் கற்றுக் கொடுக்க வந்தவர்கள் இவர்கள்.

அவர்களில் அதிகம் அறியப்பட்டவர் ஹாஜி அலி. "ஹாஜி அலி" என்று சொல்ல ராணுவ வீரர்களின் நாக்கு வளையவில்லை. அவர்கள் வாயில் அது "ஹை ஜாலி" ஆகிவிட்டது. ஹஜ் செய்தவர் என்ற மரியாதைப் பெயர், விளையாட்டுப் பெயராக மாறிப்போனது. அந்தப் பெயரிலேயே அமெரிக்க வரலாறு அவரை இன்றும் அழைக்கிறது.

ஒட்டகத் திட்டம் முடிந்த பின் அவர் ஊர் திரும்பவில்லை. சில ஒட்டகங்களை வைத்துச் சுமை ஏற்றும் தொழில் நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. ராணுவத்துக்காகப் பொதிக் கழுதைகளை நடத்தினார், தாதுப் பொருள் தேடி அலைந்தார். 1880இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், மணமுடித்தார், இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். முதுமையில் அரசிடம் ஓய்வூதியம் கேட்டபோது அது கிடைக்கவில்லை. 1902 டிசம்பரில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்ற ஊரில் காலமானார். 1935இல் அரிசோனா நெடுஞ்சாலைத் துறை அவருடைய அடக்கத்தலத்தின் மீது கற்களால் ஒரு கூம்பு எழுப்பி, அதன் உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றை நிறுத்தியது. "ஹை ஜாலியின் கடைசி முகாம்" என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது மறுத்த மரியாதையை இறந்து 33 ஆண்டுகள் கழித்துக் கல்லில் கொடுத்தார்கள்.

முகாம் ஊரானது எப்படி?

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. கேம்ப் வெர்டேயும் ஒட்டகங்களும் தென் மாநிலங்களின் படை வசம் சென்றன. வட மாநிலப் படையின் கைதிகள் சிலரை அருகிலிருந்த ஒரு பள்ளத்தாக்கில் அடைத்து வைத்தார்கள். ஒட்டகங்கள் கவனிப்பின்றிக் கிடந்தன. திட்டத்தின் தந்தையான ஜெபர்சன் டேவிஸ்தான் தென் மாநிலங்களின் அதிபராக இருந்தார் என்பதால், போர் முடிந்த பின் வெற்றி பெற்ற அரசுக்கு அத்திட்டத்தின் மீது ஆர்வம் இல்லை. 1866இல் 66 ஒட்டகங்கள் தலைக்கு 31 டாலர் வீதம் தனியாருக்கு விற்கப்பட்டன. 1869இல் ராணுவம் முகாமைக் காலி செய்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. ஒட்டகத்தின் தேவையும் முடிந்தது.

படை போய்விட்டது. ஆனால் படையை நம்பி வந்த ஒரு கடை நின்றது. 1857 வாக்கில் முகாமுக்கு வெளியே தொடங்கப்பட்ட கடை அது. முகாம் எல்லைக்குள் மது விற்கத் தடை இருந்ததால் வெளியே முளைத்தது, வீரர்களுக்குச் சம்பளம் கிடைக்கும் நாளில்தான் திறந்திருக்கும் என்கிறார்கள். பிறகு சார்லஸ் ஷ்ரைனர் என்பவரும் அவருடைய மைத்துனரும் அதை வாங்கி, முகாமுக்கு இறைச்சி வழங்கும் வியாபாரத்தையும் செய்தார்கள். படை போன பின் சுற்றுப்புறப் பண்ணையாளர்களுக்கு அந்தக் கடைதான் சந்தை, அதுவே தபால் நிலையம், செய்தி பரிமாறும் இடமும் அதுவே. வீடுகள் அதைச் சுற்றி நிலைத்தன. கோட்டை அழிந்தது, கடை ஊரைக் காப்பாற்றியது.

ஏன் பெரிய நகராகவில்லை?

படை முகாமிலிருந்து ஊர் பிறப்பது இஸ்லாமிய வரலாற்றில் நமக்குப் புதிதல்ல. பஸரா, கூஃபா இரண்டும் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் படை தங்குவதற்காக அமைக்கப்பட்டவை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) எகிப்தில் அமைத்த ஃபுஸ்தாத் பின்னாளில் கெய்ரோவாக விரிந்தது. அவை நகரங்களாயின, கேம்ப் வெர்டே சிற்றூராகவே நின்றது. காரணம் எளிது. பஸராவிலும் கூஃபாவிலும் வீரர்கள் குடும்பத்தோடு குடியேறினார்கள். பள்ளிவாசலும் சந்தையும் நிர்வாகமும் அங்கேயே அமைந்தன. கேம்ப் வெர்டேயில் வீரர்கள் கட்டளை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மாவட்டத் தலைமையும் ரயிலும் சுமார் 18 கிலோமீட்டர் வடக்கே உள்ள கெர்வில் நகருக்குச் சென்றன. கடைக்காரர் ஷ்ரைனரும் 1869இல் கெர்வில்லில் புதிய கடை திறந்து, அந்த வட்டாரத்தின் பெரும் வணிகரானார். இன்று அங்கே அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது.

நமக்கு என்ன?

வியாபாரியின் பெயர் பல்கலைக்கழகமாக நிற்கிறது. செயலாளர், மேஜர், கப்பல் தலைவர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. ஒட்டகங்களின் எண்ணிக்கையும் விலையும்கூடக் கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஒட்டகத்தை நடத்திய மனிதர்களில் பெரும்பாலோருக்குச் சரியான பெயர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய ஒன்றிரண்டும் உருமாறிய பெயர்கள்.

பிழைப்புக்காகக் கடல் கடந்த சபுராளிகள் நம் குடும்பங்களிலும் உண்டு. பர்மா போனவர்கள், மலாயா போனவர்கள், வளைகுடா போனவர்கள். அங்கே முதலாளி கூப்பிட்ட பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று. அவர்களில் எத்தனை பேருடைய முழுப் பெயரும், போன ஆண்டும், செய்த வேலையும் நம் வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? வாப்பாவிடமோ நன்னாவிடமோ உம்மும்மாவிடமோ இன்றே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பாஸ்போர்ட், கடிதம், புகைப்படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நம் மூத்தவர்களின் பெயரை நாம் எழுதாவிட்டால், பிறர் தங்கள் நாக்குக்கு வந்தபடி எழுதிவிடுவார்கள். ஹாஜி அலிக்கு நடந்தது அதுதான்.