கோடை பொய்த்த ஆண்டு

கி.பி. 1601ஆம் ஆண்டு உருசிய நாட்டில் கோடையென்று வந்தது ஓயாத மழை. அதனைத் தொடர்ந்தது காலந்தவறிய உறைபனி. கதிர் முற்றுமுன்பே பயிர் கருகிற்று. 1603 வரை நீடித்த பஞ்சத்தில் மாஸ்கோ நகரின் பொதுக்குழிகளில் மட்டும் 1,27,000 உடல்கள் இடப்பட்டன என்று அக்காலத் துறவி அவ்ராமி பாலித்சின் எழுதிவைத்தார். புஷ்கினின் நாடகத்தால் இலக்கிய அன்பர்கள் அறிந்த மன்னன் போரிஸ் கோதுனோவ் களஞ்சியங்களைத் திறந்தான், காசும் வழங்கினான். அதைக் கேட்டு நாற்றிசையிலிருந்தும் பசித்தோர் தலைநகரில் குவிந்தனரேயன்றித் துயர் தணியவில்லை. 1591இல் மாண்ட இளவரசன் திமித்ரியின் குருதிப் பழியே நாட்டைச் சுடுகிறது என்று மக்கள் நம்பினர். 1605இல் மன்னன் இறந்தான். அவன் மகனும் அவ்வாண்டே கொல்லப்பட்டான்.

அந்தக் கோடைக்கு வேறொரு சாட்சியும் உண்டு. மலைச்சரிவுகளில் மரம் வளரக்கூடிய மேல் எல்லையில் நீருக்குப் பஞ்சமில்லை, வெம்மைக்கே பஞ்சம். ஆகவே அங்கு நிற்கும் ஊசியிலை மரம் ஒவ்வொரு கோடையின் வெப்பத்தையும் தன் ஆண்டு வளையத்தில் பதித்துக்கொள்கிறது. பருவத் தொடக்கத்தில் உண்டாகும் கட்டை வெளிறியது. கோடைக் கடைசியில் உண்டாவது கருமையும் செறிவும் உடையது. வெம்மை மிகுந்தால் அந்தப் பின்கட்டையின் உயிரணுச் சுவர்கள் தடிக்கும், குறைந்தால் மெலியும். பென்சில் பருமனில் ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, எக்ஸ் கதிரால் அதன் செறிவை அளக்கலாம். மரம் சாவதில்லை. உயிருள்ள மரத்தின் வயது போதாதபோது, ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் பழைய வீட்டு உத்தரங்கள் கைகொடுக்கின்றன. இரண்டின் வளைய வரிசைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பின்னோக்கிச் செல்கின்றனர்.

சுவிட்சர்லாந்தின் பிரிட்ஸ் ஷ்வைன்குரூபர் வடகோளத்தின் மலைகளிலும் வடகோடிக் காடுகளிலுமாக ஏறத்தாழ 400 இடங்களில் இத்தகைய பதிவுகள் திரள வழிசெய்தார். இங்கிலாந்தின் கீத் பிரிஃபாவும் அவரும் பிறரும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, 600 ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த கோடை 1601ஆம் ஆண்டினதே என்று காட்டிற்று. மரம் எல்லாம் அறிந்த சாட்சியன்று. குளிர்காலத்தில் அது உறங்குகிறது. அப்பருவத்தைப் பற்றி அதனைக் கேட்பதில் பயனில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடபகுதி மரங்கள் பலவற்றின் செறிவு ஏறிவரும் வெப்பத்தோடு முன்போல் ஒத்துச் செல்லவில்லை. காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1601ஐப் பொறுத்தவரை, அத்தனை தொலைவிலுள்ள காடுகள் ஒரே குரலில் பேசியதைத் தள்ளிவிட இயலாது.

மெலிந்த அந்த வளையத்தின் காரணத்தை ஆய்வாளர் கண்டது தென் அமெரிக்காவில். 1600 பிப்ரவரியில் பெரு நாட்டின் உவாய்னபுத்தினா எரிமலை வெடித்தது. அது வானுயர வீசிய கந்தகம் நுண்துளிப் படலமாகப் பரவிக் கதிரொளியை மறித்தது. மாஸ்கோவில் எவரும் அம்மலையின் பெயரைக் கேட்டதில்லை. மலைக்கருகிலோ ஊர்கள் சில சாம்பலின்கீழ்ப் புதைந்தன. அரெக்கிப்பா நகரத்தார், தம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இதுவென்று அஞ்சி, இருண்ட தெருக்களில் ஊர்வலமாகச் சென்று இறைவனை மன்றாடினர்.