அட்டை யார் கையில்?

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்கே பல வீடுகளில் தறி கூலிக்கு ஓடுகிறது. நூலும் டிசைனும் வியாபாரியுடையவை. தறியும் உழைப்பும் நெசவாளருடையவை. இதே தெருவிலிருந்து மென்பொருள் எழுத வரும் பெண்ணுக்கு இந்த உறவு தலைகீழாகிறது. டிசைன் அவளுடையது, தறியோ, எங்கோ மும்பையில் ஓடும் இன்னொருவரின் கணிப்பொறி.

2006இல் அமேசான் தன் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016இல் மும்பையிலும் மையம் அமைத்தது. ‘மேகம்’ என்ற பெயரிலேயே ஒரு அரசியல் உண்டு. மேகத்துக்கு முதலாளி இருப்பதாக யாருக்குத் தோன்றும்? ஆனாலும் லட்சங்கள் போட்டு இயந்திரம் வாங்க வழியில்லாதவர்களுக்கு அது கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது. உள்ளே பில்லும் காத்திருந்தது. பொத்தானை அமுக்கி உருவாக்கிய கணிப்பொறியை அணைக்க மறந்தால் ராவெல்லாம் மீட்டர் ஓடும்.

இங்கேதான் எழுத்து வருகிறது. கணிப்பொறி எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கோப்பில் விவரித்தால் போதும் என்பதை 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் உருவாக்கிய சிஎஃப்எஞ்சின் நடைமுறையாக்கியது. 2014இல் வந்த டெராஃபார்ம், வாடகை இயந்திரத்தையே அப்படி எழுத வைத்தது. எவ்வளவு நினைவகம், எந்த இயங்குதளம், யாருக்கு அனுமதி, எல்லாம் பிரதியில். காலையில் ஒரு கட்டளை கட்டியெழுப்பும். சாயங்காலம் இன்னொன்று இடித்துவிடும். ‘வேலை முடிஞ்சுதா, பிரிச்சுப் போடு, நாளைக்குக் கட்டிக்கலாம்’ என்பதே இதன் சிக்கனம். இடிக்குமுன் நிரலை வெளியே சேமித்தாக வேண்டும். பிரதிக்கு வெளியே கையால் உருவாக்கியதை இந்தக் கட்டளை தொடாது. அதற்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் பிரதி யாருடையது? 1804இல் ஜக்கார்டின் துளை அட்டை, பூவேலைத் திறனை நெசவாளரின் கையிலிருந்து அட்டைக்கு மாற்றியது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மின் திறந்த உரிமத்தைக் கைவிட்டு, போட்டியாளர்களுக்கு வரம்பு விதித்தது. நிரலாளர்கள் திறந்த வடிவத்தைப் பிரித்தெடுத்து ஓப்பன்டோஃபு என்று வளர்த்தார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றது. 2025இல் ஹாஷிகார்ப்பை ஐபிஎம் வாங்கியது. துளை அட்டையில் வளர்ந்த அதே ஐபிஎம்.

திறந்த கருவி கிடைத்தாலும் விடுதலை முழுமையல்ல. ஒரு மேகத்துக்கு எழுதிய பிரதி இன்னொன்றில் அப்படியே ஓடாது. அதன் பெயர்ச்சொற்களே முதலாளியின் மொழியில் இருக்கின்றன. ஆகவே மேகத்தை அழைக்கும் பகுதியைச் சிறிதாகவும், தன் கருவிகளை நிறுவும் பகுதியைத் தனியாகவும் அவள் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னது வீட்டிலுள்ள பழைய லினக்ஸ் கணிப்பொறியிலும் ஓடும். தறி வாடகையாக இருந்துவிட்டுப் போகட்டும். அட்டையை மட்டும் கைவிடக் கூடாது.